முதுகுப் பருவைத் தேய்க்காதீர்கள்: மயிர்க்கால் அடைப்புக்கு ஒரு வழிகாட்டி

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் மருந்துக்கடைக் கல்லாவுக்கு முன்னால் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறவர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். அம்பாசமுத்திரத்தில் 17 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். முகப்பருவுக்கு வருகிறவர்கள் வருடம் முழுக்க வருவார்கள். முதுகு, நெஞ்சு, கை, தொடை என்று உடம்பில் வருவதற்கு வெயில்தான் கூட்டிக்கொண்டு வரும்.

போன கோடையில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் வந்தான். "அண்ணாச்சி, முதுகுல என்னமோ போட்டிருக்கு. நல்ல க்ரீமா ஒண்ணு குடுங்க" என்று திரும்பி நின்று பனியனைத் தூக்கினான். இரண்டு தோளிலும் பை வார் அழுந்துகிற இடத்தில் பட்டை போட்ட மாதிரி பருக்கள். நடுவே நகம் கீறிய கோடுகள். கீழே, ஆறிப்போன பருக்கள் விட்டுச்சென்ற மிளகு நிறப் புள்ளிகள். வியர்வையில் குழைந்த பவுடர் முதுகெலும்புப் பள்ளத்தில் வெள்ளைக் கோடாக இறங்கியிருந்தது.

"என்னத்தப் போட்டுலே தேய்க்க?" என்றேன்.

"பீர்க்கங்கூடு அண்ணாச்சி. ரெண்டு நேரமும் அழுத்தித் தேய்க்கேன். போவவே மாட்டேங்கு."

அழுத்தித் தேய்ப்பதால்தான் அது போக மாட்டேன் என்கிறது. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எனக்கே 19 வயதில் தோள்பட்டை முழுக்கப் பரு வந்தது. அழுக்கு என்று நினைத்து, உப்பும் கடலைமாவும் சேர்த்துத் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தேன். பரு ஒரு வருடத்தில் போய்விட்டது. தேய்த்ததால் வந்த கறுப்பு போக மூன்று வருடம் ஆனது. அத்தனை வருடமும் படித்துறையில் சட்டையைக் கழற்றவே கூசினேன்.

அடைப்பது அழுக்கு இல்லை

உள்ளங்கை, உள்ளங்கால் போன்ற சில இடங்களை விட்டால் உடம்பு முழுக்க மயிர்க்கால் உண்டு. கண்ணுக்குத் தெரியாத பூனைமுடி முளைக்கிற இடத்திலும் உண்டு. ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கும். முகம், நெஞ்சு, மேல்முதுகு இந்த மூன்று இடத்திலும் அந்தச் சுரப்பிகள் பெரியவை, எண்ணிக்கையிலும் அதிகம். தோலின் மேல்தட்டு ஏறக்குறைய 4 வாரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பழைய செல்கள் உதிர்ந்துவிட வேண்டும். அவை உதிராமல் எண்ணெயோடு சேர்ந்து பிசுபிசுத்து, மயிர்க்கால் வாயில் தக்கை மாதிரி உட்கார்ந்தால் அதுதான் அடைப்பு. வாய் திறந்திருந்தால் கரும்புள்ளி, மூடியிருந்தால் வெள்ளைக் குரு. கரும்புள்ளியின் கறுப்பு தோலின் நிறமியாலும், காற்றுப் பட்டு நிறம் மாறிய எண்ணெயாலும் வருவது. அதில் மண்ணும் இல்லை, புழுதியும் இல்லை. அடைத்த குழிக்குள் பாக்டீரியா பெருகும்போது சிவந்து, சீழ் கோத்து, நாம் சொல்லும் பரு ஆகிறது.

தேய்த்தால் என்ன ஆகும்? தோல் தன்னைக் காத்துக்கொள்ள மேல்தட்டை இன்னும் தடிப்பாக்கும். ஏற்கெனவே வீங்கியிருக்கும் மயிர்க்கால் உள்ளுக்குள் உடைந்து பக்கத்திலும் பரவும். நம்முடையது போன்ற மாநிறத் தோலில் எந்தப் புண்ணும் ஆறும்போது கறுப்பை விட்டுவிட்டுத்தான் போகும். ஆகவே தக்கையை இளக்க வேண்டும், சுரண்டக் கூடாது.

முதலில், உங்களுடையது எது?

இதைப் பார்க்காமல் மருந்து வாங்குவதுதான் பெரிய தப்பு. வெளிச்சமான இடத்தில் நின்று, வீட்டில் ஒருவரிடம் போனைக் கொடுத்து முதுகைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பெரிதாக்கிப் பாருங்கள்.

கரும்புள்ளி, வெள்ளைக் குரு, சிவந்த பரு, சீழ்ப்பரு என்று பெரிதும் சிறிதுமாகக் கலந்து இருந்தால், அழுத்தினால் வலித்தால், அது சாதாரணப் பரு. தோள், மேல்முதுகு, நெஞ்சு ஆகியவை அதன் இடங்கள்.

மேல்கையின் வெளிப்பக்கமும் தொடையும் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்து, வலியும் இல்லை, அரிப்பும் அவ்வளவாக இல்லை என்றால் அது கோழித்தோல். உரித்த கோழியின் தோலைப் போல ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒரு சிறு முள். இது குடும்பத்தில் வருவது. அம்மாவின் கையைத் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயும் இருக்கும். நோய் என்று பயப்பட ஒன்றுமில்லை, வயது ஏற ஏற மட்டுப்படும்.

மூன்றாவதுதான் நம் ஊரில் அதிகம் ஏமாற்றுவது. நெஞ்சிலும் மேல்முதுகிலும் கேழ்வரகு தூவிய மாதிரி எல்லாம் ஒரே அளவாக இருக்கும். வியர்த்தால் அரிக்கும். கரும்புள்ளி ஒன்றுகூட இருக்காது. இது பூஞ்சையால் வருவது. எல்லார் தோலிலும் வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட், சூடும் வியர்வையும் எண்ணெயும் கிடைத்தால் மயிர்க்காலுக்குள் பெருகிவிடும். தேமலுக்கும் பொடுகுக்கும் காரணம் இதே குடும்பம்தான், அதனால் இவை கூடவே இருப்பதும் உண்டு. பரு என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் இது குறையாது, கூடும். பாக்டீரியா செத்த இடத்தையும் ஈஸ்ட் பிடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிவிட்டு "இன்னும் கூடிட்டே போவுது அண்ணாச்சி" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "அரிக்குதா?" என்பதுதான்.

நான்காவது வேர்க்குரு. இதில் அடைப்பது மயிர்க்கால் இல்லை, வியர்வைக் குழாய். ராத்திரி கரண்டு போன மறுநாள் காலையில் கழுத்து, இடுப்புக் கட்டு, முழங்கை மடிப்பு எல்லாம் பொடிப்பொடியாகச் சிவந்து ஊசி குத்துவது போல் இருந்தால் அதுதான். மற்ற மூன்றுக்கும் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். இது குளிர்ச்சியான இடத்தில் இருந்தாலே சில நாளில் அடங்கிவிடும். காற்றோட்டம், பருத்தித் துணி, பச்சைத் தண்ணீர், அரித்தால் கேலமைன் லோஷன். எண்ணெயும் களிம்பும் பூசக் கூடாது. பவுடரைக் காய்ந்த தோலில் லேசாகத் தட்டலாம். வியர்வை மேல் கொட்டினால் மாவாகக் குழைந்து நிற்கும்.

குளியலைச் சரிசெய்வது

மருந்துக்கு முன்னால் குளியல். பாதிப் பேருக்கு இதிலேயே நல்ல மாற்றம் தெரிவதைப் பார்க்கிறேன்.

வரிசைதான் முக்கியம். தலைக்கு ஊற்றுகிற நாளில் முதலில் தலையை அலசுங்கள். பெண்கள் கூந்தலை முடிந்து மேலே தூக்கிச் செருகிவிட்டு, கடைசியாகக் கழுத்தையும் முதுகையும் கழுவுங்கள். நாம் செய்வது தலைகீழ். உடம்புக்குச் சோப்புப் போட்டு முடித்துவிட்டுத் தலையை அலசுகிறோம். தலையிலிருந்து இறங்கும் எண்ணெயும் சீயக்காயும் கண்டிஷனரும் முதுகில் ஒரு படலமாக நிற்க, அப்படியே துவட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

எண்ணெய்க் குளியலை விடச் சொன்னால் என் ஆச்சி உயிரோடு இருந்திருந்தால் வீட்டுக்குள் விடமாட்டாள். நானும் விடச் சொல்லவில்லை. பரு வரும் உடம்பு என்றால் சனிக்கிழமை நல்லெண்ணெய் தலைக்கும் மூட்டுக்கும் காலுக்கும் போதும், தோளையும் மேல்முதுகையும் நெஞ்சையும் விட்டுவிடுங்கள். அரை மணி நேரத்துக்குள் கழுவிவிடுங்கள். கோழித்தோல் காரர்களுக்கு எண்ணெய் கெடுதல் செய்யாது, அவர்கள் தோல் வறண்டது. பூஞ்சைப் பரு உள்ளவர்கள் உடம்பில் எந்த எண்ணெயும் தேய்க்கக் கூடாது, அந்த ஈஸ்டுக்கு எண்ணெய்தான் சாப்பாடு. ராத்திரி தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்துப் படுக்கிறவர்கள் தலையணை உறையைத் தொட்டுப் பாருங்கள். அந்தப் பிசுக்கு முழுவதும் கழுத்திலும் தோளிலும்தான் படுகிறது.

அடுத்தது தண்ணீர். தாமிரபரணித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இது புரியாது. ராதாபுரம், திசையன்விளை பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். உப்பான போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகிவிடும். உங்கள் வாளியின் உள்பக்கம், தண்ணீர் நிற்கும் மட்டத்தில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், சுண்ணாம்பு போல் வரும். அதே படலம் உங்கள் முதுகிலும் தங்குகிறது. நுரை வரவில்லையே என்று இன்னும் சோப்புப் போட்டால் படலம் கூடும், தோலும் வறண்டு எரியும். இப்படிப்பட்ட தண்ணீரில் சோப்புக் கட்டியை விட்டுவிட்டு, சோப்பில்லாத திரவக் கழுவியை வாங்குங்கள். கடையில் 'சோப் ஃப்ரீ' என்று கேட்டால் கொடுப்பார்கள். அது கடினத் தண்ணீரிலும் திரியாது. கடைசி இரண்டு செம்பு மட்டும் குடிதண்ணீர்க் குழாயில் பிடித்த ஆற்றுத் தண்ணீராக ஊற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். கையால் கழுவுங்கள். கை எட்டாத முதுகுக்கு நான் சொல்லும் வழி இது: ஈரிழைத் துண்டை நனைத்துப் பிழிந்து, நடுவில் கழுவியைத் தடவி, இரண்டு முனையையும் பிடித்து முதுகின் குறுக்கே மெல்ல இழுங்கள். அழுத்தம் வேண்டாம், மருந்தைக் கொண்டுசேர்க்கும் வேலையை மட்டும் துண்டு செய்யட்டும். அந்தத் துண்டை அன்றன்றைக்கே அலசி வெயிலில் காயப்போடுங்கள். குளியலறைக் கொக்கியில் ஈரமாகவே தொங்கும் பீர்க்கங்கூட்டில் கிருமி வளரும். அதை இன்றே தூக்கிப்போடுங்கள்.

வேலை முடிந்து வந்ததும், விளையாடி முடித்ததும், உடனே ஒரு குளியல். முடியவில்லை என்றால் நனைந்த பனியனையாவது மாற்றுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் சோப்பு வேண்டாம், மூன்றாவது குளியல் வெறும் தண்ணீரில் போதும். குற்றாலத்துக்குச் சீசனில் போகிறவர்கள் கேட்பார்கள், அருவித் தண்ணீர் பருவைப் போக்குமா என்று. போக்காது. வேர்க்குருவுக்கு மட்டும் சொர்க்கம்.

மருந்து: ஒன்று மட்டும், பொறுமையாக

சாதாரணப் பருவுக்கு இரண்டு பொருள்களின் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒன்று சாலிசிலிக் அமிலம், 2 சதவீதம். இது எண்ணெயில் கரையும், அதனால் எண்ணெய் நிறைந்த மயிர்க்காலுக்குள் இறங்கித் தக்கையை இளக்கும். கரும்புள்ளியும் வெள்ளைக் குருவும் அதிகம் என்றால் இதில் தொடங்குங்கள். இன்னொன்று பென்சாயில் பெராக்சைடு, 2.5 முதல் 5 சதவீதம். பாக்டீரியாவைக் கொல்லும். சிவந்த பருவும் சீழ்ப்பருவும் அதிகம் என்றால் இது.

முதுகுக்குக் கழுவும் வகையே வசதி. ஈரமான தோலில் பூசி, 2 முதல் 5 நிமிடம் விட்டு, நன்றாகக் கழுவுங்கள். இந்த இடைவெளியில் பல் தேய்த்துக்கொள்ளலாம். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். எரிச்சல் இல்லை என்றால் தினமும். இரண்டையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். தோல் எரிந்தால் எதனால் என்றே தெரியாமல் போகும்.

பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுத்துவிடும். திருச்செந்தூருக்கு மாலை போட்டிருந்த ஒருவர் நெஞ்சிலும் முதுகிலும் ஜெல் தடவிக்கொண்டு பச்சை வேட்டியைப் போர்த்திப் படுத்திருக்கிறார். காலையில் பார்த்தால் அங்கங்கே மஞ்சள் திட்டு. வெள்ளைத் துண்டு, வெள்ளைப் பனியன், வெள்ளை விரிப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கோழித்தோலுக்கு வேறு பாதை. 10 சதவீத யூரியா இருக்கும் க்ரீம், அல்லது லாக்டிக் அமிலம் உள்ள லோஷன். குளித்துத் துவட்டிய 3 நிமிடத்துக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே தடவுங்கள். தினமும் தடவ வேண்டும். நிறுத்தினால் திரும்பி வரும், அதற்காக மனம் தளர வேண்டாம்.

பூஞ்சைப் பருவுக்கு மருத்துவர்கள் கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பூவை உடம்பில் பூசி 5 நிமிடம் வைத்துக் கழுவச் சொல்வதுண்டு. சிலருக்கு மாத்திரையும் வேண்டியிருக்கும். தோல் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொண்டு, சீட்டோடு வாருங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுக்கிறவர்கள், சின்னப் பிள்ளைகள், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் மேலே சொன்ன எதையும் கேட்காமல் தொடக் கூடாது. அடாபலீன், ஐசோட்ரெட்டினாயின் போன்றவை மருத்துவர் தரும் மருந்துகள். ஐசோட்ரெட்டினாயின் வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வரவைக்கும். தோழி சாப்பிடுகிறாள் என்று வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

எவ்வளவு நாள்? 6 வாரத்தில் புதிதாக வருவது குறையும், 8 முதல் 12 வாரத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். முதுகுத் தோல் முகத்தோலைவிடத் தடிப்பு, அதற்கேற்ற நேரம் எடுக்கும். பத்தாம் நாள் "ஒண்ணும் கேக்கலை" என்று மருந்தை மாற்றுகிறவர்களுக்கு எந்த மருந்தும் கேட்காது. கறுப்புப் புள்ளிகள் மாதக்கணக்கில்தான் மங்கும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும், தோளை மூடுகிற சட்டை போடுங்கள்.

உடுப்பும் வேலையும்

பரு வர அழுத்தமும் உரசலும் இருந்தாலே போதும். பை வார், இறுக்கமான உள்ளாடைப் பட்டி, நைலான் ஜெர்சி எல்லாம் அதில் சேரும். அந்தப் பையனிடம் பையைக் கையில் பிடிக்கவும், பருத்திப் பனியன் போடவும் சொன்னேன்.

முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பீடி சுற்றும் பெண்கள் சிலர் தொடையில் குருக்கள் என்று வருவார்கள். நைலான் நைட்டி, மடியில் நாள் முழுக்கச் சுளகு, சுவரில் சாய்ந்த முதுகு. நைட்டியைப் பருத்திக்கு மாற்றி, சுளகுக்கு அடியில் மடித்த பழைய வேட்டியை வைத்து, அதைத் தினமும் துவைக்கச் சொல்வேன். "வேலைக்கு நடுவுல எந்திரிக்கவே முடியல மதினி" என்று ஒருவர் கூட வந்தவரிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் எழுந்து நின்றாலும் தோலுக்குக் காற்று கிடைக்கும். வண்டிப் பட்டறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு எண்ணெய் ஊறிய பேன்ட்டே காரணம். கந்தலைத் தொடைமேல் போட்டுக் கையைத் துடைக்கும் பழக்கத்தை விடுங்கள்.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிற தம்பிகள் திடீரென்று முதுகு முழுக்கப் பெரிய பெரிய பருக்களோடு வந்தால், ஊசியோ மாத்திரையோ ஏதாவது ஏற்றுகிறீர்களா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்பேன். தசை வளர்க்கும் ஸ்டீராய்டு முதுகில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மோர்ப்புரதப் பொடியிலும் (வே புரோட்டீன்) சிலருக்குப் பரு கூடும், ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கலாம்.

தயவுசெய்து இந்த க்ரீமைத் தொடாதீர்கள்

"சிவப்பு ட்யூப் குடுங்க, ரெண்டே நாள்ல போயிரும்" என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். அந்த ட்யூப்களில் இருப்பது ஸ்டீராய்டு. அட்டையைத் திருப்பி உட்பொருளைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் அது பருவுக்கான மருந்து இல்லை. பூசினால் இரண்டு நாளில் சிவப்பு அடங்கும், உண்மைதான். அதற்குப் பிறகு தோல் மெலியும், கோடு விழும், பூஞ்சை படரும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அப்படியும் கேட்கிறார்கள், கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு தாய் தன் மகளின் கையில் எட்டு மாதம் பூசிவிட்டு வந்தார். கோழித்தோல்தான் இருந்தது, ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலே போதும். அந்தப் பிள்ளையின் தோலில் இப்போது நரம்பு தெரிகிறது.

மருத்துவரிடம் எப்போது

ஆழமான கட்டிகள், குழி விழும் தழும்பு, காய்ச்சலோடு சீழ்க்கட்டி, அக்குளிலும் தொடையிடுக்கிலும் திரும்பத் திரும்ப வந்து உடைகிற கட்டிகள், சர்க்கரை நோய் உள்ளவருக்கு ஆறாத புண் என்றால் வீட்டு வைத்தியத்தில் ஒரு நாளும் கடத்தாதீர்கள். பெண்களுக்குப் பருவோடு மாதவிடாய் தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்தால், அதையும் சொல்லிச் சோதிக்கச் சொல்லுங்கள். 12 வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றாலும் போக வேண்டும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டுப் போட்டுவிடுங்கள்.

போகும் நாளில் முதுகில் பவுடரோ எண்ணெயோ போடாதீர்கள், முன்பு எடுத்த படங்களைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை பூசிய எல்லா ட்யூபையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். யாரோ சொன்னார்கள் என்று வாங்கியதையும் மறைக்காமல் எடுத்துப் போடுங்கள். மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பையைத்தான்.